எழுத்து இருக்கிற கல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பெங்களூரின் கிழக்குப் பகுதியில் ஒரு சின்ன வீட்டின் வாசலில் உட்கார்ந்து அவர் பையைச் சரிபார்க்கிறார். முள் மிருதுவான பிரஷ் இரண்டு, தண்ணீர் கேன், டார்ச் விளக்கு, அளக்கும் டேப், கோடு போட்ட நோட்டு, 1905-இல் அச்சான ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் பக்கங்கள், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. "கல்லைப் பார்க்கப் போறவருக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று முதல் தடவை கேட்ட மனைவி இப்போது அதெல்லாம் கேட்பதில்லை. "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?" என்பதோடு சரி. "வந்துடுவேன்" என்கிறார் அவர். இதுவரை ஒரு ஞாயிறும் வந்ததில்லை.

எழுபதை நெருங்குகிறவர். நெல்லைப் பக்கத்திலிருந்து 1979-இல் பெங்களூருக்கு வேலைக்கு வந்தார். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் இயந்திரத்தின் முன் நின்றவர். சரித்திரம் அவர் படித்த பாடம் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் நிருபதுங்கா சாலையில் உள்ள மிதிக் சொசைட்டியில் ஒரு சொற்பொழிவு கேட்கப் போனார். அன்று திரையில் ஒரு கல்லின் படத்தைக் காட்டினார்கள். சபையில் இருந்தவர்கள் கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருக்க, இவர் வாய்க்குள் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். 'ஏரி' என்ற சொல். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி திரும்பி, "ஸார், உங்களுக்கு இது படிக்க வருமா?" என்று கேட்டார். அரசுப் பள்ளியில் கன்னடம் கற்பிக்கும் ஆசிரியை. அன்று பிடித்த பிடி இன்னும் விடவில்லை.

மிதிக் சொசைட்டி 1909-இல் தொடங்கியது. வெள்ளைக்கார அதிகாரிகளும் உள்ளூர் அறிஞர்களும் மாலையில் கூடிக் கட்டுரை வாசித்துக் கலைந்த காலத்துச் சங்கம். சிவப்பு நிற டேலி நினைவு மண்டபமும், நூலகமும், காலாண்டு இதழும் அந்தக் காலத்தின் சொத்துகள். ஆனால் இன்று அதன் பெயரைச் சொன்னால் பெங்களூரில் பலருக்கு நினைவுக்கு வருவது மண்டபம் அல்ல, தெரு. நகரமெங்கும் சிதறிக் கிடக்கும் கல்வெட்டுகளைத் தேடிப் போய், முப்பரிமாண ஸ்கேனரால் பதிவு செய்யும் வேலையை 2021-இல் அது தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சம்பளமில்லாத ஆர்வலர்கள் சிலர் ஞாயிறுதோறும் கல் தேடிக்கொண்டிருந்தார்கள். என்ஜினியர்கள், வங்கி ஊழியர்கள், மாணவர்கள், குடும்பத் தலைவிகள் என்று பல தினுசு. சரித்திரப் பட்டம் பெற்றவர்கள் குறைவு. விடுமுறை நாளில் வெயிலில் அலையத் தயாராக இருந்ததுதான் தகுதி.

தேடலுக்கு வழிகாட்டி ஒரு வெள்ளைக்காரர். ஆனால் முழு வெள்ளைக்காரர் என்று சொல்ல முடியாது. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1837-இல் பெங்களூரிலேயே பிறந்தவர். கல்வித் துறையில் இருந்தபோது மைசூர் ராஜ்ஜியத்தின் கிராமங்களில் சுற்றி, கல்வெட்டுகளின் மேல் பைத்தியமாகி, பிறகு தொல்லியல் துறையின் தலைவரானார். 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற பெயரில் பல தொகுதிகளாக ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்வெட்டுகளை அச்சில் ஏற்றினார். அதில் ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்குரியது. 1905-இல் வெளிவந்தது. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண், கிராமத்தின் பெயர், கல் நிற்கும் இடம் பற்றி ஒரு வரி, பிறகு வாசகம், மொழிபெயர்ப்பு.

அந்த ஒரு வரியில்தான் சங்கடம் எல்லாம். 'ஏரிக்குக் கிழக்கே' என்றிருக்கும். ஏரி இருந்த இடத்தில் இன்று பஸ் நிலையம். 'இன்னார் நிலத்தில்' என்றிருக்கும். இன்னாருடைய பேரன் நிலத்தை விற்று, வாங்கியவர் அதையும் விற்று, இப்போது அங்கே பதினான்கு மாடி நிற்கும். கிராமத்தின் பெயரே நான்காவது பிளாக், ஐந்தாவது மெயின் ரோடு என்று மாறியிருக்கும். ஆகவே புத்தகத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு மனிதர்களைக் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அலுவலகங்களில் கேட்டால் பதில் கிடைக்காது. ஆடு மேய்த்தவர்கள், துணி வெளுப்பவர்கள், கோயில் பூசாரி, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பாட்டி ஆகியோருக்குத்தான் தெரியும். 'கல்வெட்டு எங்கே?' என்று கேட்டால் அவர்களும் உதட்டைப் பிதுக்குவார்கள். 'எழுத்து இருக்கிற கல்' என்று கேட்க வேண்டும். உடனே கை நீளும். சாக்கடைக்கு மூடியாக, மாட்டுக் கொட்டகைக்குப் படியாக, டீக்கடைக்கு பெஞ்சாக, முனீஸ்வரனாக, எப்படியோ ஒரு வேஷத்தில் கல் இருக்கும்.

கண்டுபிடித்தவுடன் தொட்டுவிட முடியாது. 'புதையல் தோண்ட வந்திருக்கிறார்கள்' என்று ஒரு பேச்சு கிளம்பும். எழுத்துள்ள கல்லுக்கு அடியில் பொன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எத்தனையோ கல்வெட்டுகள் இரவோடு இரவாகப் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு பேச்சு அதைவிட ஆபத்தானது: 'இதைப் பதிவு செய்தால் சர்க்கார் இடத்தை எடுத்துக்கொள்ளும்.' முதல் பேச்சுக்கு மண்வெட்டி வரும், இரண்டாம் பேச்சுக்குப் பாறை உடைக்கும் இயந்திரம் வரும். எனவே முதல் அரை மணி நேரம் பேச்சுதான். டீ குடிப்பார்கள். யார், எந்த ஊர், எந்தக் குலதெய்வம் என்ற விசாரணைகள் முடிந்த பிறகே பிரஷ் வெளியே வரும்.

ஆசிட் கூடாது, கம்பி பிரஷ் கூடாது, சோப்பு கூடாது. தண்ணீரும் பொறுமையும் மட்டும். அழுக்கு போன பிறகும் எழுத்து தெரியாது. அப்போதுதான் கண்ணாடிக்கு வேலை. வெயிலை வாங்கிக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழச் செய்தால், ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் மெல்லிய நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். இரவென்றால் டார்ச் விளக்கைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். ஸ்கேனர் இதையே நுட்பமாகச் செய்கிறது. கல்லின் மேடு பள்ளங்களை மில்லிமீட்டரில் ஒரு பங்கு அளவுக்குப் பதிவு செய்துவிடுகிறது. வெறும் கண்ணுக்குத் தேய்ந்துபோன எழுத்து கம்ப்யூட்டர் திரையில் தெளிவாகத் தெரியும். "நாங்க லேத்துல பண்ணின வேலைதான். மைக்ரானைத் தேடறது" என்பார் அவர்.

தமிழ் தெரியும் என்பது ஆரம்பத்தில் அவருக்கு இருந்த கர்வம். அது ஒரு மாதத்தில் போய்விட்டது. பழைய கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இல்லை. காலா, ரகரமா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நடுநடுவே கிரந்த எழுத்து வேறு. அறுபத்து மூன்று வயதில் மறுபடி 'அ'னாவிலிருந்து தொடங்கினார். கன்னட ஆசிரியை அவருக்கு ஹளெகன்னடம் சொல்லிக்கொடுத்தார், இவர் அந்த அம்மாளுக்குத் தமிழ்க் கல்வெட்டு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் 'ஸார்', 'மேடம்' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பெங்களூரின் கற்களில் தமிழ் இருப்பது பலருக்குச் செய்தி. தெரிந்தவர்களுக்குச் சிக்கலான செய்தி. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கர்களின் நாடு சோழர் கைக்குப் போனது. 1116-இல் தலக்காட்டை வென்று ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதை மீட்டான். அரசு மாறியதும் எழுத்து மாறிவிடவில்லை. கிழக்குப் பகுதியில் ஹொய்சளர் காலத்திலும் தமிழில் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். காடுகோடியில் உள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. ஆண்டு 1043 என்று கணிக்கிறார்கள். பட்டந்தூர் ஏரியைக் கட்டி, மதகு வைத்து, பிள்ளையாரையும் துர்க்கையையும் நிறுவியதைச் சொல்கிறது. இன்று அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். தோம்லூரின் சொக்கநாதசுவாமி கோயிலில் ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று ஒரு பெயர். எலகங்கா இலைப்பாக்க நாடு. மடிவாளாவின் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வேப்பூர்க்காரர்கள் கொடுத்த நிலத்தை 'வெங்காலூர்ப் பெரிய ஏரி'க்குக் கீழே என்று அடையாளம் சொல்கிறது. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்காலூர் எது என்று சொல்லத் தேவையில்லை.

அதே பேகூரில், அதற்கும் மூன்றரை நூற்றாண்டு மூத்த கன்னடக் கல்வெட்டு ஒன்று, பெங்களூரில் நடந்த ஒரு சண்டையில் செத்துப்போன வீரனைச் சொல்கிறது. சுமார் 890-ஆம் ஆண்டு. பசித்து வந்த ஹொய்சள வீரவல்லாளனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்ததால் 'பெந்தகாளூரு' ஆயிற்று என்ற கதை அந்த ஒரு கல்லோடு அடிபட்டுப் போகிறது. ராஜா பிறப்பதற்கு இருநூறு வருடம் முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. 2018-இல் ஹெப்பாளில் தெரியவந்த கித்தய்யாவின் வீரக்கல் இதற்கும் முந்தியது. எட்டாம் நூற்றாண்டின் கன்னட எழுத்து. ராஷ்டிரகூடர் படையெடுப்பில் ஊருக்காகச் செத்தவன். அங்கே பொதுமக்களே பணம் போட்டு அந்தக் கல்லுக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள்.

இந்த இரண்டு வகைக் கற்களையும் வைத்து 'யார் முதலில் வந்தது' என்று சண்டை போடலாம். போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவருக்கு அந்தச் சண்டை ஏட்டில் படித்தது அல்ல. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி நகரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, வாசலில் தமிழில் எழுதி மாட்டியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். கலவரம் அடங்கியது. பலகை திரும்ப ஆணிக்கு ஏறவில்லை. பஸ்ஸில் மனைவியோடு தணிந்த குரலில் பேசும் பழக்கமும் அன்று வந்ததுதான். ஆகவே தெருவில் பத்துப் பேர் நடுவே நின்று ஒரு தமிழ்க் கல்லை உரக்கப் படிப்பது அவருக்குச் சுலபமான காரியம் இல்லை. குழுவில் சேர்ந்த முதல் இரண்டு வருடம் அவர் நோட்டில் எழுதிக் காட்டுவார், ஆசிரியைதான் வாய்விட்டுப் படிப்பார்.

அந்த மௌனத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு தனியாகப் போனபோது, விற்பனைக்கு வேலி போட்ட ஒரு காலி மனையில் பாதி புதைந்த கல்லைக் கண்டார். தமிழ் எழுத்து. ரைஸின் புத்தகத்தில் இல்லாத கல். மேலே தெரிந்த நான்கு வரிகளை எழுதிக்கொண்டார், ஒரு படம் எடுத்தார். காவல்காரன் "என்ன சாமி அது?" என்று கேட்டான். "ஒண்ணுமில்லைப்பா, பழைய கல்லு" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு குழுவோடு வருவதாகத் திட்டம். அந்த ஞாயிறு தங்கை மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்கடுத்த ஞாயிறு போனபோது மனையில் பத்தடிக்குக் குழி. கல் ஜல்லியாகி எந்த அஸ்திவாரத்துக்குள் போனதோ! காவல்காரன் பாவம், தலையைச் சொறிந்தான். "நீங்கதானே சாமி ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க?"

அந்த நான்கு வரிகள் இன்னும் அவர் நோட்டில் இருக்கின்றன. முடியாத வாக்கியம். கொடுத்தவர் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் மண்ணுக்குள் இருந்த பாதியில் இருந்தன. சங்கத்தின் கூட்டத்தில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. இப்படி ஒன்றையாவது தவறவிடாதவர் அங்கே கிடையாது. ஆனால் அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கல்லைப் பார்த்த இடத்தில், அப்போதே, அங்கே இருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு அதில் எழுதியிருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வது.

சென்ற மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. ஐ.டி. கட்டடங்களுக்கு இடையே மிச்சமிருக்கும் ஒரு பழைய கிராமத் தெரு. பொதுக் குழாயடியில் ஒரு துவைக்கிற கல். எழுத்துள்ள முகம் மேலே. "இதுல அடிச்சாத்தான் அழுக்குப் போகும்" என்றாள் அங்கே துவைத்துக்கொண்டிருந்த கிழவி, எழுத்தின் சொரசொரப்பைத் தடவிக் காட்டி. அவளுடைய மாமியாரும் அதில்தான் துவைத்தாளாம். ஆசிரியை, ஒரு சாஃப்ட்வேர் பையன், ஒரு கல்லூரி மாணவி, அவர், நால்வரும் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுக் குந்தினார்கள். கண்ணாடியை மாணவி பிடித்தாள். கூட்டம் சேர்ந்தது. பைக்கை நிறுத்திய ஓர் இளைஞன் எட்டிப் பார்த்து, "இது என்ன பாஷை?" என்று கன்னடத்தில் கேட்டான்.

யாரும் உடனே பேசவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த பலகை அவர் மனத்தில் வந்து போயிற்று. பிறகு காவல்காரன் வந்தான். "தமிழ்" என்றார் அவர், கன்னடத்தில், கொஞ்சம் உரக்கவே.

"தமிழா? அப்போ இது எங்க ஊர்க் கல் இல்லையா?"

ஆசிரியை எழுந்து நின்றார். வகுப்பில் நிற்கிற தோரணை. "உங்க ஊர்க் கல்தான். உங்க ஊர்ல இருந்தவங்க, உங்க ஏரிக்காக வெட்டி வெச்சது. அந்தக் காலத்துல இங்கே இந்த எழுத்துலயும் எழுதினாங்க. பக்கத்து ஊர்ல கன்னடத்துல இருக்கு. அதையும் இந்த ஸார்தான் என்கூட சேர்ந்து படிச்சார். நீங்க படிங்க ஸார்."

அவர் படித்தார். கொடுத்தவர் பெயர் துவைத்துத் துவைத்துத் தேய்ந்து போயிருந்தது. மிச்சமிருந்தது இவ்வளவுதான்: ஏரிக்குக் கீழே இத்தனை நிலம், கோயிலில் விளக்கு எரிய. சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும். இதற்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். தமிழ்க் கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் வரும் முடிவுதான். வாக்கியம் வாக்கியமாக ஆசிரியை கன்னடத்தில் சொன்னார்.

"எந்த ஏரி?" என்றான் இளைஞன். அவர் ஜெராக்ஸ் பக்கத்தைப் பார்த்துத் தெருக்கோடியைக் காட்டினார். அங்கே லாரிகள் நிற்கும் மைதானம். கூட்டத்தில் இருந்த ஒரு முதியவர், "ஆமா, நான் சின்னப் பையனா இருக்கும்போது அதுல மீன் பிடிச்சிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு கல்லை விட்டுவிட்டு ஏரியைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்கள். மதகு எங்கே இருந்தது, எந்த வருடம் தண்ணீர் நின்றது, யார் மண் கொட்டியது என்று. சாஃப்ட்வேர் பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். கல்லில் இல்லாததும் சங்கத்துக்கு வேண்டும்.

கிழவி மட்டும் பேசாமல் நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "பசுவைக் கொன்ன பாவம்னு சொன்னாங்களே. இத்தனை வருஷமா அது மேலதானே சாமி துவைச்சேன்?"

"நீங்க துவைச்சதாலதான்மா இது இருக்கு" என்றார் அவர். "சும்மா கிடந்திருந்தா எப்பவோ உடைச்சிருப்பாங்க."

ஆறுதலுக்குச் சொன்னதல்ல, உண்மைதான். மனிதர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் வேண்டியிருந்த கற்களே பிழைத்திருக்கின்றன. படியாகவோ சாமியாகவோ துவைக்கிற கல்லாகவோ. நகரம் வளர்ந்தபோது அந்த உபயோகங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வாஷிங் மெஷின் வந்த வீட்டுக்குத் துவைக்கிற கல் எதற்கு? இனி கல்லுக்கு ஒரு புதிய உபயோகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 'இது உங்களைப் பற்றியது' என்பதுதான் அது. ஸ்கேனர் எழுத்தைக் காப்பாற்றும், கல்லைக் காப்பாற்றாது. அதற்கு அந்தத் தெருவில் ஒருவருக்காவது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் எந்த மொழிக்காரர் என்பது கல்லுக்கு முக்கியமில்லை.

அன்று இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து கல்லைத் தூக்கி, குழாயடிக்குப் பக்கத்தில் அரசமரத்து மேடையில் நிறுத்தினார்கள். கிழவிக்கு வேறு ஒரு கருங்கல் பலகை கிடைத்தது. "அதுபோல வராது" என்று ஒரே குறை. ஸ்கேன் எடுப்பவர்கள் வருகிற வரை பார்த்துக்கொள்வதாகப் பைக் இளைஞன் பொறுப்பேற்று, ஆசிரியையிடம் போன் நம்பர் கொடுத்தான்.

இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்தே போன் வந்தது. கல் பத்திரம் என்றான். ஊரார் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை விளக்கும் ஏற்றினார்களாம். கிழவி தினமும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுகிறாளாம், பாவம் போக.

அவருக்குப் பகீரென்றது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து எழுத்தை அடைத்துவிடும். இரண்டு வருடத்தில் ஒரு வரி தெரியாது. "எண்ணெய் வேண்டாம், பூ போதும்னு சொல்லுப்பா" என்றார். "நான் சொன்னா கேக்க மாட்டாங்க ஸார். நீங்களே வந்து சொல்லுங்க. உங்களைத்தான் கேக்கறாங்க, கல்லு படிச்ச தாத்தா எங்கேன்னு."

ஞாயிறு காலை ஆறரை மணி. பையில் பிரஷ், தண்ணீர், கண்ணாடி, கூடவே இரண்டு முழம் கதம்பம். "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?" என்கிறாள் மனைவி.

"வந்துடுவேன்" என்கிறார் அவர்.